கற்றுக்கொடுத்த பிறகு

கூத்து கற்கும் பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் பக்கத்தில் "நல்லா ஆடுறாளா?" என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "கல்யாணம் ஆனா ஆடுவாளா?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்பவர்கள் கூத்தை வெறுப்பவர்கள் அல்லர். விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பவர்கள். எந்த ஜமாவில் எவர் கர்ணன் கட்டினால் நன்றாக இருக்கும் என்று விரல்விட்டுச் சொல்லக்கூடியவர்கள். அவர்கள் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. பத்து வருடம் பாட்டும் அடவும் சொல்லிக்கொடுத்து, மேடையேற்றி, கை தட்டல் வாங்க வைத்து, இருபது இருபத்தொன்றில் அவள் கழுத்தை நீட்டிவிட்டுப் போய்விட்டால் அத்தனை உழைப்பும் வீண்தானே என்கிற கணக்கு.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் வேறொரு கேள்வி வரும். அது இன்னும் சங்கடமானது. ஊரும் வீடும் ஒரு நாள் பறித்துக்கொள்ளும் என்று தெரிந்திருந்தும் ஒரு பெண் குழந்தைக்கு ஒரு கலையைக் கொடுப்பது நியாயமா? ருசியைக் காட்டிவிட்டு இலையை எடுப்பதற்குத் துணைபோவது ஆகாதா? இந்தக் கேள்வியை நான் வெறும் தர்க்கமாக யோசிக்கவில்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே, ஐயங்கார்குளம் போகிற வழியில், புஞ்சரசன்தாங்கல் என்ற சிற்றூரில் ஒரு மனிதர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்குள்தான் செலவழித்திருக்கிறார்.

காஞ்சிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டும் கோயிலும். எங்களுக்கு அதோடு கூத்தும் உண்டு. நகரத்துக்குள் அல்ல. பாலாற்றைத் தாண்டி செய்யாறு, வந்தவாசி வரைக்கும் விரிகிற கிராமங்களில், பங்குனி பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு என்று போய்க் கடைசியில் பதினெட்டாம் போர். மறுநாள் காலை மண்ணில் மல்லாந்து கிடக்கும் துரியோதனன் உருவத்தின் முன்னால் படுகளம். விரித்த கூந்தலைப் பாஞ்சாலி முடிவது. யாராவது இறந்துபோனால் காரியத்தன்று கர்ண மோட்சம். மனிதர் சாவுக்கும் மழைக்கும் கூத்து தேவைப்படுகிற பூமி இது. அந்தக் கூத்தைக் கட்டுகிற மனிதருக்கு மட்டும் 'கூத்தாடி' என்று பெயர். அந்தச் சொல்லை வசவாகத்தான் நான் முதலில் கேட்டேன். அது ஒரு தொழிலின் பெயர் என்று பிறகே தெரியும். ஆணுக்கே இந்தக் கதி. 'கூத்தாடிச்சி' என்று விகுதி மாறினால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும்.

நான் சொல்ல வந்தவர் பெ. ராஜகோபால். பெருங்கட்டூர்க்காரர். தந்தை பொன்னுசாமி பெயர் பெற்ற கட்டைக்கூத்துக் கலைஞர். அவரிடமே ராஜகோபால் கூத்து கற்றார். பத்து வயதளவில் மேடையேறினார். மேடையேறியதும் பள்ளிக்கூடம் போயிற்று. இரவு முழுக்க ஆடிவிட்டுக் காலையில் எந்தப் பிள்ளை வாய்ப்பாடு சொல்லும்? பின்னாளில் நடிகராக, தன் ஜமாவை நடத்துபவராக, நாடகங்களை எழுதி இயக்குபவராக, வாத்தியாராக அவர் அடைந்த எல்லாவற்றுக்கும் அடியில் அந்த விடுபட்ட பள்ளிக்கூடம் இருந்தது என்று நினைக்கிறேன். 1990இல் கூத்துக் கலைஞர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்ததில் அவர் முன்னணியில் இருந்தார். தெருக்கூத்து என்ற பெயரை விட்டுக் கட்டைக்கூத்து என்ற பெயரைச் சங்கம் பிடித்துக்கொண்டது. கிரீடம், புஜம், மார்பு என்று கலைஞர் அணிகிற கட்டை ஆபரணங்களால் வந்த பெயர் அது. 'தெரு' என்ற ஒட்டில் ஓர் இளக்காரம் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தெருவை இளக்காரமாக நினைப்பவர்களை மாற்றாமல் பெயரை மாற்றி என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் மரபில் வந்தவர்கள் தெருக்கூத்து என்ற பெயரிலேயே உலகம் சுற்றி வந்திருக்கிறார்கள். ஆனால் தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை அந்தத் தொழிலைச் செய்கிறவருக்குத்தான் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

2002இல் ராஜகோபாலும் அவருடைய துணைவி ஹன்னே டி பிரூனும் சேர்ந்து கட்டைக்கூத்து குருகுலத்தைத் தொடங்கினார்கள். ஹன்னே நெதர்லாந்திலிருந்து கூத்தை ஆராய வந்தவர். கட்டைக்கூத்து பற்றிய அவருடைய நூல் 1999இல் வெளிவந்தது. குருகுலத்தில் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். பள்ளிப் பாடமும் உண்டு, கூத்தும் உண்டு. தனக்கு ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று இருந்ததை அடுத்த தலைமுறைக்கு இரண்டும் என்று ஆக்கினார் அந்த வாத்தியார். 2020 வரை அது நடந்தது. அதில் பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள் என்பதை இன்று படிக்கும்போது பெரிதாகத் தோன்றாது. பரம்பரை பரம்பரையாக ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்து இது. பாஞ்சாலியும் ஆண், சுபத்திரையும் ஆண், பொன்னுருவியும் ஆண். பெண் ஏன் ஆடக் கூடாது என்பதற்குக் காரணங்கள் வரிசையாக நிற்கும். தீட்டு. ராத்திரி. ஊர் ஊராகப் போவது. புஜக்கட்டையும் கிரீடமும் சுமக்க உடம்பில் பலம் இருக்காது. குரல் எட்டாது. திருமணம் நடக்காது. இந்தக் காரணங்களில் முதல் ஐந்தையும் குருகுலத்துப் பெண்கள் மேடையிலேயே தீர்த்துவிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து குரல் எடுத்து, திரை விலகியதும் சுழன்று, எட்டு மணி நேரம் நின்று ஆடிக் காட்டினார்கள். பாஞ்சாலி மட்டும் இல்லை. துரியோதனன், துச்சாதனன், கட்டியங்காரன் எல்லாம் கட்டினார்கள். ஆறாவது காரணம்தான் மிச்சம். அதற்கு மேடையில் பதில் சொல்ல முடியாது.

பயிற்சி பெற்ற பெண்களில் பலர் திருமணத்துக்குப் பிறகு ஆடவில்லை. இதை யாரும் மறைக்கவில்லை. ஹன்னே டி பிரூனே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தமிழரசி போல் தொடர்ந்து ஆடி, தானே ஜமா நடத்துகிற நிலைக்கு வந்தவரும் உண்டு. ஆனால் ஒருவரைச் சொல்லிவிட்டுப் பலரைத் தாண்டிப் போவது எனக்கு ஒப்பாது. சாதித்த பெண் என்று ஒருத்தியின் படத்தைப் போட்டு, ஏன் அவளைப் போல மற்றவர்களால் முடியவில்லை என்று அவர்களையே குற்றவாளியாக்குவது நம் பத்திரிகைகளின் பழைய வேலை.

அப்படியானால் அந்தப் பலருக்குக் கூத்து என்ன கொடுத்தது? இந்த இடத்தில் எல்லோரும் ஒரு சொல்லை எடுப்பார்கள்: தன்னம்பிக்கை. "ஆடாட்டி என்னங்க, அவளுக்கு ஒரு தைரியம் வந்துச்சில்ல. நாலு பேர் முன்னாடி பேசுறா." இதை நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். தொண்டு நிறுவன அறிக்கைகளிலும் இது நிறைய வரும். எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. ஒரு கூத்து வாத்தியாரின் மகன் இருபது வருடம் கற்று ஆடுவதை நிறுத்திவிட்டால், "பரவாயில்லை, தன்னம்பிக்கை வந்தது" என்று யாராவது சொல்வார்களா? தொழில் போச்சு என்பார்கள். ஒரு நல்ல அர்ச்சுனனை இழந்தோம் என்பார்கள். ஆணுக்குக் கலை, தொழில். பெண்ணுக்குக் கலை, ஆளுமை வளர்ச்சி. தன்னம்பிக்கை என்பது பெண்ணுக்கு நாம் கொடுக்கிற ஆறுதல் பரிசு. முதல் பரிசு வேறு யாரிடமோ இருக்கிறது. கற்ற பெண் கட்டைகளைக் கழற்றி வைத்ததை இழப்பு என்று சொல்லக்கூட நமக்கு வாய் வரவில்லை என்றால், அவள் கற்றதை நாம் முதலிலிருந்தே கலையாக மதிக்கவில்லை.

இழப்பு என்று ஒப்புக்கொண்டால்தான் யார் இழக்க வைத்தது என்று கேட்க முடியும்.

பெண் மேடையேறுவதற்கும் திருமணத்துக்கும் உள்ள சிக்கல் நம் ஊர் விசேஷம் அல்ல. 1587இல் ஸ்பெயினில் பெண்கள் நாடகத்தில் நடிக்க அரசு அனுமதி கொடுத்தது. கூடவே நிபந்தனைகள்: நடிப்பவள் மணமானவளாக இருக்க வேண்டும், கணவன் அதே குழுவில் இருக்க வேண்டும், ஆண் உடை அணியக் கூடாது. ஜப்பானில் கபுகியைத் தொடங்கி வைத்ததே ஒகுனி என்ற பெண்தான். 1629இல் பெண்களை அந்த மேடையிலிருந்தே விலக்கினார்கள். பிறகு ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள். அதுவே மரபு என்றும் ஆயிற்று. நம் பக்கத்தில் கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள், பெண்களையே கொண்ட நாடகக் கம்பெனியைச் சீரும் சிறப்புமாக நடத்தினார். அவரும் அவர் குழுவினரும் நடத்த முடிந்ததற்கு ஒரு காரணம், அவர்கள் குடும்பப் பெண் என்ற வரையறைக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தார்கள் என்பது. ஸ்பெயினில் மணமானவள் மட்டும் நடிக்கலாம். இங்கே மணமாகாதவளோ, மணம் மறுக்கப்பட்டவளோ மட்டும் ஆடலாம். பார்த்தால் இரண்டும் எதிரெதிர் விதிகள் போலிருக்கும். இரண்டிலும் அவள் மேடையில் நிற்பதை முடிவு செய்வது அவள் குரலோ காலோ அல்ல, அவளுக்குப் பக்கத்தில் எந்த ஆண் நிற்கிறான் என்பது.

இதை நான் நெசவாளர் வீட்டிலிருந்து யோசிக்கிறேன். எங்கள் வீட்டில் தறி அப்பாவுடையது. விடிகாலையில் எழுந்து தார் சுற்றியது அம்மா. பாவு பிணைக்க உட்கார்ந்தது அம்மா. கோர்வைச் சேலை என்றால் கரைப்பக்கத்து நாடாவை வாங்கிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அதற்கு ஆள் கிடைக்காத நாட்களில் அம்மா, அம்மாவுக்கு உடம்பு முடியாத நாட்களில் நான். கூலிப் புத்தகத்தில் ஒரே ஒரு பெயர். "உங்க வீட்ல யாரு நெய்றாங்க?" என்று யார் கேட்டாலும் "அவருதான்" என்றே அம்மா சொல்வாள். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. கணவன் வீட்டில் தறி இல்லாததால் தறியே தொடாமல் போன என் பெரியம்மா மகளுக்குக் கோர்வை எடுக்க எங்கள் தெருவில் பாதி ஆண்களைவிட நன்றாக வரும். அவள் வேலையை விட்டாள் என்று யாரும் சொல்லவில்லை. அது வேலை என்று பெயரிடப்பட்டிருந்தால்தானே விட்டாள் என்று சொல்வதற்கு.

கூத்தில் ராஜகோபால் செய்ததன் முக்கியத்துவம் எனக்கு இந்த இடத்தில்தான் புரிகிறது. பெண்ணுக்கு அடவு சொல்லிக்கொடுத்ததைவிட, அவள் செய்வதற்குத் தொழில் என்று பெயர் கொடுத்தது பெரிது. அவர் முதலில் கட்டியது சங்கம். பள்ளிக்கூடம் பன்னிரண்டு வருடம் கழித்து. அந்த வரிசை முக்கியம். கூத்தாடுவது கூலிக்குரிய உழைப்பு, அதைச் செய்கிறவர்களுக்குக் கூட்டாகப் பேசும் வாய் வேண்டும் என்று முதலில் நிறுவிவிட்டு, அதற்குள் பெண்ணைக் கொண்டுவந்தார். பழைய நாளில் கூத்து, ஊருக்குச் செய்ய வேண்டிய சாதிக் கடமையாகவும் அந்தக் குடும்பத்தின் முறையாகவும் இருந்தது. மானியமும் தானியமும் அதற்குப் பதில். பிறகு முன்பணம் வாங்கிக்கொண்டு ஆடும் ஜமாக்களாக மாறியது. பரம்பரை முறை, பிறந்த ஆண் பிள்ளைக்குப் போகும். கூலி, ஆடியவருக்குப் போக வேண்டும். பெண் நுழைய முடிந்தது இந்த இரண்டாவது வாசல் வழியாகத்தான். சாதி தளர்ந்த இடத்தில்தான் பெண்ணுக்கு இடம் கிடைத்தது என்பதைப் பெண்ணியம் பேசுகிற நாம் மறந்துவிடக் கூடாது.

ஆனாலும் அவரை இதோடு விட்டுவிட எனக்கு மனம் இல்லை. குரு கொடுத்தது என்று எத்தனை நாளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பது? நடிகர், இயக்குநர், எழுதுபவர், வாத்தியார், அமைப்பை நடத்துபவர் எல்லாம் ஒருவரே என்றால், அங்கே கற்கும் பெண்ணுக்கு மறுத்துப் பேசும் இடம் எது? இது ராஜகோபால் என்ற தனிமனிதர் மீதான குறை அல்ல. நல்ல குருவிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். குரு சிஷ்ய உறவைப் புனிதமாக்கி வைத்திருக்கும் நாட்டில், நடனத்திலும் நாடகத்திலும் இசையிலும் அந்தப் புனிதத்துக்குப் பின்னால் என்னென்ன நடந்தன என்பதை 2018க்குப் பிறகு பெண்கள் வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கினார்கள். உடம்பைத் தொட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கலையில் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதை எழுதி வைக்க வேண்டும். குருவின் குணத்தை நம்பி விட்டுவிட முடியாது.

துரோணர் கதையை ஏகலைவனின் பக்கத்திலிருந்து நாம் பலமுறை பேசியிருக்கிறோம். கற்றுக்கொடுக்காமலே விரலை வாங்கியவர் அவர். பெண் சிஷ்யையின் கதையில் விரலைக் கேட்பவர் குரு அல்ல. குரு கற்றுக்கொடுத்து, ஆசிர்வதித்து அனுப்புகிறார். விரலை வாங்குவது மாமியார் வீடு. சில நேரம் அப்பா வீடே, மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த அன்று. இங்கே குருவின் பொறுப்பு முடிந்துவிட்டதா என்பதுதான் என் கேள்வி. முடியவில்லை என்றே நினைக்கிறேன். தெரிந்தே கொடுத்தவருக்கு, கொடுத்ததை அவள் வைத்துக்கொள்ள வழி செய்யும் கடமை உண்டு. அது எப்படி என்று கேட்டால் பதில் தத்துவத்தில் இல்லை. விடிகாலை ஐந்து மணிக்கு ஆட்டம் முடிந்து வீடு திரும்ப ஒரு வண்டி. உடை மாற்ற மறைப்பு, கழிப்பறை. கைக்குழந்தையோடு வந்தால் பார்த்துக்கொள்ள ஜமாவில் ஒருவர். பாஞ்சாலி கட்டுகிற பெண்ணுக்கும் பாஞ்சாலி கட்டுகிற ஆணுக்கும் ஒரே கூலி. இவையெல்லாம் இருந்தும் கணவன் வீட்டார் வேண்டாம் என்றால்? அப்போது குருவால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த வீட்டுக்குள் பேச வேண்டியவர்கள் நாம், ஊர்க்காரர்கள், கூத்துக்கு நன்கொடை எழுதுகிறவர்கள். ஆனால் அந்த வீட்டை நோக்கி ஒரு கேள்வியும் போவதில்லை. "கல்யாணம் ஆனா ஆடுவாளா?" என்று பெண்ணைப் பெற்றவரிடமும் வாத்தியாரிடமும் கேட்கிறோம். "உங்க மருமக ஆடுவாங்களா?" என்று மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இன்னொரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். பெண் வந்ததால் பெண் வேடக்காரர் என்ன ஆவார்? கூத்தில் பெண் வேடம் கட்டும் ஆண்களை ஊர் கேலி செய்திருக்கிறது. ஆனால் தன் உடம்பில் ஒரு பெண்மையை உணர்ந்தவருக்கு, மரியாதையோடு சேலை கட்டிக்கொள்ள இந்த மேடை ஓர் இடம் கொடுத்தது என்பதும் உண்மை. அம்மன் பெயரைச் சொல்லி அந்தப் பாஞ்சாலியின் காலில் விழுந்தவர்கள் மறுநாள் டீக்கடையில் கேலி செய்தார்கள். இருந்தாலும் விழுந்தார்கள். பெண்கள் இந்த வேடத்தை எடுத்துக்கொள்ளும்போது அவர்கள் இடத்தை நாம் பிடுங்குகிறோமா? அ. மங்கை போன்றவர்கள் பெண்களோடும் திருநங்கையரோடும் சேர்ந்து நாடகம் செய்தபோது இந்தக் கேள்விக்கு ஒரு வழி தெரிந்தது. உடம்புக்கு ஏற்ற வேடம் என்ற விதியே தளர வேண்டும் என்பது அந்த வழி. பெண்ணுக்குப் பெண் வேடம் என்று திருத்தி எழுதினால் பழைய விதியையே புதிய மையால் எழுதியதாகும். குருகுலத்துப் பெண்கள் துரியோதனன் கட்டியதை நான் அதனால்தான் பெரிதாக மதிக்கிறேன். பெண்கள் பாஞ்சாலிக்கு மட்டும் வந்திருந்தால் சில ஆண்களின் வேலை போயிருக்கும், வேறொன்றும் மாறியிருக்காது.

பெண் துரியோதனனை நான் புஞ்சரசன்தாங்கலில் கூத்துக் கலைக்கூடத்தில்தான் முதலில் பார்த்தேன். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. முகவீணை ஏறிக்கொண்டே போனது. திரை விலகியதும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா, "யாரு வூட்டுப் பையன்?" என்றார். பெண் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "தொடய தட்டுறா பாரு," என்றார். அவர் குரலில் கண்டிப்பா களிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. துரியோதனன் தொடையைத் தட்டிப் பாஞ்சாலியை உட்காரச் சொல்வான் அல்லவா, அந்த இடம். எங்கள் வயதுப் பெண்கள் எல்லோரும் ஏதோ ஒரு பேருந்து நிறுத்தத்தில் கடந்து வந்திருக்கிற சைகை அது. அதை ஒரு பெண் செய்தபோது அந்தச் சைகை எவ்வளவு கட்டிச் சமைக்கப்பட்டது, எத்தனை பயிற்சியால் வருவது என்று தெரிந்தது. ஆண்மை என்பதும் கட்டிக்கொள்கிற கட்டைதான் என்று எத்தனையோ நூல்களில் படித்ததை அன்று கண்ணால் பார்த்தேன்.

துகிலுரிதல் கூத்தில், பாஞ்சாலியின் சேலையில் கை வைப்பதற்கு முன் துச்சாதனன் வேடக்காரர் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது பல ஊர்களில் வழக்கம். நடிப்புதான் என்று தெரிந்தும் கேட்கிறார். நடிக்கிறோம் என்பதால் செய்கிற காரியத்திலிருந்து தப்பிவிட முடியாது என்று கூத்து நினைக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த நெறி. அதற்குப் பிறகு பாஞ்சாலி சபையைப் பார்த்துக் கேட்பாள்: தன்னை முதலில் தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? பீஷ்மர் தருமம் சூட்சுமமானது என்று மழுப்புவார். சபையில் இருந்த பெரியவர்கள் யாரும் அவள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. ஓர் ஆணின் வாயிலிருந்து இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நன்றாக ஆடினால் மெய்சிலிர்க்கும். இருபது வயதுப் பெண் அதைக் கேட்டபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. இந்தப் பெண்ணின் கலையை யாரோ இரண்டு வருடத்தில் பணயம் வைக்கப்போகிறார்கள். அந்தக் கலை அவர்களுடையது இல்லை. அவள் அப்பாவுடையது இல்லை, வாத்தியாருடையதும் இல்லை. தன் உடம்பைத் தேய்த்துச் சம்பாதித்தது. வைக்க உரிமை ஏது?

நகரத்து மேடை இவர்களைக் கொண்டாடியது. டி. எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோரோடு இணைந்து கர்நாடக சங்கீதமும் கட்டைக்கூத்தும் சேர்ந்த நிகழ்ச்சியைச் செய்தபோது, அதில் பெண் கலைஞர்களின் ஆட்டத்தைப் பலர் வியந்து எழுதினார்கள். வியப்பில் தவறில்லை. சபாவில் கூத்து இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். குளிர்சாதன அறையில் ஒப்பனை, காரில் பயணம். பெண் ஆடுகிறாள் என்பதே அங்கே அழைப்புக்குக் காரணமாகிவிடுகிறது. கிராமத்துக் கோயிலில் அப்படி இல்லை. நல்லா ஆடுவாங்களா, விடிய விடிய தாங்குவாங்களா, எவ்வளவு கேட்கிறார்கள் என்று கணக்குப் பார்த்துத்தான் முன்பணம் கொடுப்பார்கள். பெண்ணை ஒரு புதுமையாகப் பார்க்காமல் தொழிலாளியாகப் பார்க்கக்கூடிய இடமும் அதுவே. அதனால் எனக்குச் சபா கைதட்டலைவிட, வந்தவாசிப் பக்கத்து ஊர் ஒன்றில் தருமகர்த்தா பெண் இருக்கும் ஜமாவிடம் பேரம் பேசினார் என்ற செய்தி கேட்டால் சந்தோஷமாக இருக்கும்.

போன பங்குனியில் எங்கள் உறவுக்காரர் ஊரில் பாரதத்துக்கு ஜமா பேசப் போனார்கள். திரும்பி வந்தவரிடம் விசாரித்தேன். பெண்கள் ஆடும் ஜமாவையும் கேட்டார்களாம். "ஆளெல்லாம் நல்லாத்தான் ஆடுது. ஆனா ராத்திரி தங்க எடம் கேக்குறாங்க, கதவு தாப்பா போட்ட எடமா வேணுமாம்" என்றார். ஊரில் அப்படி ஓர் இடம் இல்லையா என்றேன். பஞ்சாயத்துக் கட்டடம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, சாவி தலைவரிடம் இருக்கிறது என்றார். தலைவரிடம் கேட்டீர்களா? கேட்கவில்லையாம். வேறு ஜமாவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். அடுத்த வருஷத்துப் பேச்சு தை மாதத்தில் தொடங்கும் என்றார். தலைவர் வீடு எது என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.